கப்பல் மாமா பதில்கள்: பெரிய அறையா, புதிய அறையா?

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் கடல்வாசம் வீசத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் 'சூட்' எனப்படும் உயர்தரச் சொகுசு அறைகளைப் பற்றியவை. "கப்பலில் தயிர்சாதம் கிடைக்குமா?" என்று ஒரு காலத்தில் கேட்ட அதே வாசகர்கள்தான் இப்போது "பட்லர் உண்டா?" என்று தனிப் பணியாளரைக் கேட்கிறார்கள். மகிழ்ச்சி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரின் செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில், உள்ளறைத் தச்சுப் பிரிவில், முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சொகுசுக் கப்பல் அறைகளில் விருந்தாளியாகப் படுத்ததைவிட, அவற்றின் சுவர்ப் பலகைகளைக் கழற்றிப் போட்டதுதான் அதிகம். என் பதில்களில் மரத்தூள் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: அம்மா அப்பாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு நானும் தம்பியும் நான்கு இரவுக் கப்பல் பயணம் பரிசளிக்கப் போகிறோம். ஒரே தொகைக்கு இரண்டு வாய்ப்புகள். இருபத்தைந்து வயதான ஒரு கப்பலில் இருப்பதிலேயே பெரிய சூட். தனி வரவேற்பறை, பியானோகூட இருக்கிறது. அல்லது ஐந்தாறு வயதே ஆன கப்பலில் ஒரு சின்ன சூட். படத்தில் பழையதுதான் அரண்மனை போல் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. எதை எடுப்பது?
*ஒரு வாசகி, பொங்கோல்*

பியானோவை வாசிக்கப் போவது அம்மாவா, அப்பாவா? இருவரும் இல்லையென்றால், அது கைப்பையை வைக்கிற விலை உயர்ந்த மேசை.

கேலி போதும். படத்தில் எல்லாரும் கட்டிலைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் குளியலறைப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கப்பலின் உண்மையான வயது அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

காரணம் சொல்கிறேன். ஒரு கப்பல் பழுதுபார்ப்புக்கு வரும்போது எங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்கள்தான். கப்பல் கட்டுத்துறையில் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நட்டம். முதல் நாளே கம்பளங்கள் வெளியேறும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு தாழ்வாரத்தை அரை நாளில் உரித்துவிடுவார்கள். அடுத்து மெத்தை, திரைச்சீலை, சோபாத் துணி, விளக்கு, தொலைக்காட்சி. இதை 'சாஃப்ட் ரீஃபிட்' என்போம். வேலை முடிந்ததும் ஒருவர் வந்து படம் எடுப்பார். நீங்கள் பார்த்த அரண்மனை அந்தப் படம்தான்.

ஆனால் குளியலறை அப்படி மாறாது. அது 'வெட் யூனிட்'. தரை, சுவர், கழிப்பிடம், குழாய், கண்ணாடி எல்லாம் பொருத்தப்பட்ட ஒரே இரும்புப் பெட்டியாகக் கப்பலுக்குள் வரும். கப்பலைக் கட்டும்போது பக்கவாட்டு அடைபடுவதற்கு முன்பே அதை உள்ளே தள்ளிவிடுவார்கள். பிறகு அது வெளியே வர வழி கிடையாது, தாழ்வாரம் அவ்வளவு குறுகல். ஆகவே பழைய கப்பலில் குழாயை மாற்றுவோம், தரைக்கு மேலே புதுத் தரை ஒட்டுவோம். பெட்டி மட்டும் அதே பெட்டிதான். கழிவுநீர்க் குழாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் எல்லாம்.

உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். பழைய குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வழியாமல் இருக்க ஓர் இரும்புப் படி நிற்கும். பல கப்பல்களில் என் நான்கு விரல் உயரம். அதைத் தாண்டி உள்ளே போனால், பெரிய சூட் என்பதால் பெருமையாக ஒரு குளியல் தொட்டி. குளிப்பதென்றால் தொட்டியின் விளிம்பில் காலைத் தூக்கி வைத்து உள்ளே இறங்கவேண்டும், ஆடுகிற தரையில், ஈரக்காலோடு. ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிக்கும் நம்மவர்களுக்கு நான்கு இரவில் எத்தனை தடவை என்று கணக்குப் போடுங்கள். புதிய கப்பல்களின் சின்ன சூட்டுகளில் பெரும்பாலும் கண்ணாடித் தடுப்புப் போட்ட, நடந்து உள்ளே போகிற ஷவர்தான். பரப்பளவு பாதியாக இருக்கலாம், ஆனால் அம்மா பயமில்லாமல் குளிப்பார்.

புதிய கப்பலில் கவனிக்கவேண்டிய ஓர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலில் 'லாஃப்ட்' என்று இரண்டு மாடி சூட்டுகள் வைத்தார்கள். அதற்குப் பிறகு மாடிப்படி ஒரு நாகரிகமாகிவிட்டது. நம் ஊர் மைசனெட் வீடு போலத்தான்: கீழே சோபா, மேலே கட்டில். படம் பிரமாதமாக இருக்கும். இரவில் மூன்று முறை எழுந்திருப்பவர்களுக்கு வேண்டாம்.

இன்னொரு வேறுபாட்டை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை, என்னைக் கேட்டால் அதுதான் பெரியது. பழைய கப்பலில் சூட் என்றால் பெரிய அறை, அவ்வளவுதான். கதவைத் திறந்து வெளியே வந்தால் நீங்களும் எல்லாரோடும் வரிசையில் நிற்பவர்தான். நீச்சல் குளத்துச் சாய்வு நாற்காலிக்கு நீங்களும் விடிகாலையில் துண்டு போட்டு வைக்க வேண்டும். புதிய கப்பலில் சூட் என்பது கப்பலுக்குள் ஒரு தனிப்பேட்டை. நம் துறைமுகத்திலிருந்து போகும் கென்டிங் டிரீம் (2016இல் ஜெர்மனியில் கட்டியது) கப்பலில் 'த பேலஸ்' என்ற பகுதிக்குத் தனிக் குளம், தனி உணவகம், பட்லர். நார்வீஜியன் நிறுவனத்தில் இதற்குப் பெயர் 'த ஹேவன்', செலிபிரிட்டியில் 'த ரிட்ரீட்'. பணத்தை அறைக்குக் கொடுப்பதில்லை, வேலிக்கு உள்ளே நிற்பதற்குக் கொடுக்கிறோம்.

எல்லாப் பழைய கப்பலும் அப்படி என்று சொன்னால் பொய்யாகும். 2004இல் வந்த குயின் மேரி 2 கப்பலில் 'குயின்ஸ் கிரில்' சூட்டுக்காரர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே தனி உணவுக்கூடம் உண்டு. அதை நடத்தும் கூனார்ட் நிறுவனத்துக்கு அது பரம்பரைப் பழக்கம். கப்பலின் பின்புறத்தில் இருக்கும் பால்மோரல், சாண்ட்ரிங்ஹம் சூட்டுகள் ஒவ்வொன்றும் 2,249 சதுர அடி. நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நான்கறை வீடு இரண்டை ஒட்டவைத்தாலும் அவ்வளவு வராது.

ஆகவே என் பதில்: புதியதை எடுங்கள். ஆனால் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள். "இந்தச் சின்ன சூட்டின் சாவி, சூட்டுக்காரர்களின் தனி உணவகத்தையும் ஓய்வறையையும் திறக்குமா?" 'ஜூனியர் சூட்' என்று பெயர் வைத்துவிட்டு வேலிக்கு வெளியே நிறுத்துகிற வழக்கம் பல நிறுவனங்களில் இருக்கிறது. திறக்காது என்றால், அதே கப்பலில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண பால்கனி அறையை எடுத்து மிச்சப் பணத்தில் அம்மாவுக்கு வளையல் வாங்குங்கள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் என்று நான் சொல்வது சும்மா இல்லை. இந்தக் கப்பல்கள் முந்நூறு மீட்டருக்கு மேல் நீளம். கடைக்கோடி அறை கிடைத்தால் காலைச் சாப்பாட்டுக்குப் போய்வருவதே ஒரு நடைப்பயிற்சி.

அப்பா தூக்கத்தில் மூச்சுக் கருவி பொருத்திக்கொள்பவரா? அப்படியானால் கட்டிலுக்குப் பக்கத்தில் மின்செருகி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய அறைகளில் அது ஒப்பனை மேசையருகில்தான் இருக்கும், நம்முடைய மூன்று சதுர முள் அதில் நுழையவும் நுழையாது. கருவிக்கு நீட்டிப்பு வயர் தரும்படி கப்பலிலேயே முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம்.

*

கேள்வி: பழைய கப்பலில் இரவெல்லாம் சத்தம் வரும் என்று என் மைத்துனர் பயமுறுத்துகிறார். உண்மையா?
*ஒரு வாசகர், ஈசூன்*

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். கப்பலின் பெயர் வேண்டாம்.

எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு மனைவியை ஒரு சூட்டில் அழைத்துப்போனேன். கப்பலுக்கு அப்போதே இருபது வயது தாண்டியிருந்தது. அறை விசாலம், பூங்கொத்து, பழத்தட்டு, எல்லாம் சரி. இரவு பதினொரு மணிக்குக் கப்பல் திறந்த கடலைத் தொட்டதும் தொடங்கியது: கிறீச்... ஒரு அலை... கிறீச்... ஒரு அலை. தூங்குகிற மனிதன் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவான். தச்சனால் முடியுமா?

எழுந்தேன். நாற்காலியில் ஏறி மேல்கூரைப் பலகைகளில் உள்ளங்கையை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சத்தத்தைக் காதால் தேடினால் கிடைக்காது, கையால்தான் தேடவேண்டும். அலமாரியின் தலையும் கூரைப் பலகையும் சந்திக்கிற இடத்தில் விரலில் ஒரு நடுக்கம் தெரிந்தது. அன்றைய நிகழ்ச்சி நிரல் தாளை நான்காக மடித்து, பழத்தட்டோடு வந்த கத்தியின் முதுகால் அந்த இடுக்கில் தள்ளினேன். நின்றுவிட்டது. வெற்றியோடு படுத்தேன். ஐந்து நிமிடத்தில் குளியலறைப் பக்கம் வேறொன்று தொடங்கியது.

மூன்றாம் இரவுக்குள் நான்கு நிகழ்ச்சி நிரல்கள் சுவருக்குள் போயிருந்தன. எங்களுக்குப் படிக்க இது அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, அறைப் பணியாளர் ஒரு கட்டாகவே கொண்டுவந்து வைத்தார். கூடுதல் நேரச் சம்பளம் இல்லாமல் நான் செய்த ஒரே வேலை அதுதான் என்று மனைவி இன்றுவரை உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கப்பலின் இரும்பு உடம்பு அலையில் நெளியும், நெளியாவிட்டால் முறியும். அறைப் பலகைகள் அந்த இரும்பில் கொக்கிகளில் தொங்குகின்றன. ஆண்டுகள் ஆக ஆகக் கொக்கி தளரும், பலகை பலகையோடு உரசும். புதிய கப்பலிலும் இது வரும், குறைவாக. அதைவிடத் தூக்கத்தைக் கெடுப்பது தலைக்கு மேல் இருப்பது. சூட்டுகள் உயரத்தில் இருப்பதால் சிலவற்றுக்கு மேலேயே குளத்தளம் வந்துவிடும். விடியற்காலையில் தளத்தைக் கழுவுவதற்காக நாற்காலிகளை இழுப்பார்கள். கப்பல் எவ்வளவு புதியதானாலும் அந்தச் சத்தம் ஒன்றேதான். தளப் படத்தைப் பார்த்து, மேலும் கீழும் அறைகளே இருக்கிற அறையாக எடுங்கள்.

*

கேள்வி: சென்ற இதழில், பழைய கப்பல்களில் உண்மையான மரம் இருந்தது, இப்போது எல்லாம் போலி என்று புலம்பியிருந்தீர்கள். வயதானவர்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் சொல்வார்கள்.
*ஒரு வாசகர், செங்காங்*

அடி சரியான இடத்தில் விழுந்தது. புலம்பியது உண்மை, காரணத்தைச் சொல்லாதது என் தவறு.

மரம் எரியும். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. 'சோலாஸ்' என்ற உலகக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, 2010 அக்டோபருக்குப் பிறகு எரியக்கூடிய பொருளால் கட்டப்பட்ட உள்ளமைப்போடு பழைய பயணிகள் கப்பல்கள் ஓட முடியாது என்றானது. அதை மாற்றுகிற செலவுக்குக் கப்பலையே உடைத்துவிடலாம் என்று பலர் முடிவு செய்தார்கள். எங்கள் தலைமுறைத் தச்சர்கள் தொட்டுப் பார்த்து வியந்த பல சூட்டுகள் அப்படித்தான் போயின. 1969இல் முதல் பயணம் போன குயின் எலிசபெத் 2 பிழைத்து, 2018இலிருந்து துபாயில் மிதக்கும் ஹோட்டலாக நிற்கிறது.

இன்றைய சூட்டில் நீங்கள் தடவிப் பார்க்கும் 'தேக்கு', மெல்லிய இரும்புத் தகடுக்கு மேல் ஒட்டிய தாள் போன்ற படலம். உள்ளே ராக்வூல், அதாவது தீப்பிடிக்காத கல்பஞ்சு. விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள், தகர டப்பாவின் குரல் கேட்கும். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தம் இந்தச் சுவரிலும் ஒட்டும். நான்கைந்து காந்தக் கொக்கிகள் வாங்கிப் போங்கள். ஈரத்துண்டு, தொப்பி, கைப்பை எல்லாம் தொங்கவிடலாம். எவ்வளவு பெரிய சூட்டானாலும் துண்டு காயப்போட இடம் வைக்க மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

*

கேள்வி: ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் டன் கப்பல் என்கிறார்களே, அது எடையா? கப்பல் பெரிதாக இருந்தால் அறையும் பெரிதாக இருக்கும்தானே?
*ஒரு மாணவர், தோ பாயோ*

எடை இல்லை. கப்பலின் மூடிய இடங்களின் கொள்ளளவிலிருந்து வருகிற கணக்கு. அந்தக் காலத்தில் ஒரு கப்பலில் எத்தனை மது பீப்பாய் அடுக்கலாம் என்று பார்த்தார்கள். பீப்பாய்க்கு 'டன்' என்று பெயர். சொல் அங்கிருந்து வந்தது.

இரண்டாவது கேள்விக்கு நீங்களே கணக்குப் போடலாம். மொத்த டன்னை, அறைக்கு இருவர் வீதம் ஏறும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று ஓரளவு தெரியும். 1999இல் வந்த வாயேஜர் ஆஃப் த சீஸ் ஏறத்தாழ 137,000 டன், சுமார் 3,100 பேர்: 44. கென்டிங் டிரீம்: 45. 2024இல் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் 248,663 டன், 5,610 பேர்: மறுபடியும் 44.

பார்த்தீர்களா? கால் நூற்றாண்டில் கப்பல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. ஆளுக்கு உள்ள இடம் அங்கேயே நிற்கிறது. அந்த இடத்தை இப்போது பங்கிடுகிற விதம்தான் வேறு. சூட்டுக்காரர்களின் தனிக் குளம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

உண்மையிலேயே இடம் வேண்டுமென்றால் சின்னக் கப்பலுக்குப் போகவேண்டும். எல்லா அறையும் சூட்டாகவே உள்ள சீபோர்ன் என்கோர் கப்பலுக்கு 2017 ஜனவரியில் நம் மரினா பே கப்பல் நிலையத்தில்தான் பெயர்சூட்டு விழா நடந்தது. பாடகி சாரா பிரைட்மன் வந்து பெயர் சூட்டினார். அது 42,000 டன்கூட இல்லை, ஆனால் ஏறுவது 600 பேர். வகுத்துப் பாருங்கள். கட்டணத்தை மட்டும் அப்பாவிடம் காட்டாதீர்கள்.

*

கேள்வி: விடிகாலையில் பால்கனியில் காப்பியோடு உட்காருவது என் ஆசை. புதிய கப்பலில் 'இன்ஃபினிட் வெராண்டா' என்று போட்டிருக்கிறதே, அது பால்கனிதானே?
*ஒரு வாசகி, தெம்பனிஸ்*

2018இல் வந்த செலிபிரிட்டி எட்ஜ் கப்பலில் அறிமுகமானது அது. பால்கனியின் தரையையும் அறையோடு சேர்த்துவிட்டு, கடல் ஓரத்தில் ஒரு பெரிய கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் மேல் பாதி கீழே இறங்கும். அறை பெரிதாகத் தெரியும். ஆனால் நீங்கள் உட்காருவது சன்னலோரம், பால்கனியில் இல்லை. காற்று மோசமானால் கப்பல் தலைவர் அதைப் பூட்டிவிடவும் முடியும். உங்கள் ஆசைக்குக் கதவு வைத்த பழைய பாணிப் பால்கனிதான் சரி. அங்கே கதவைத் திறந்தால் வெளியே. காப்பி ஆறும், முடி கலையும், அதற்குத்தானே போகிறீர்கள்?

*

கேள்வி: சூட் எடுத்தால் கடல் ஆட்டம் குறையுமா? ஜனவரியில் போகிறோம்.
*ஒரு வாசகர், பிடோக்*

குறையாது, கூடவே செய்யும். தென்னை மரத்தின் எந்தப் பகுதி காற்றில் அதிகம் ஆடும்? சூட் இருப்பது அங்கேதான், அதுவும் பல கப்பல்களில் முன்கோடியில். ஆடாத இடம் நடுவில், கீழே. அங்கே மலிவான அறைகள் இருக்கின்றன. ஜனவரியில் தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று பலமாக இருக்கும். பினாங்கு, புக்கெட் பக்கம் போகிற கப்பலாகப் பாருங்கள். மலாக்கா நீரிணையில் காப்பிகூடத் தளும்பாது.

*

கேள்வி: பட்லருக்கு எவ்வளவு அன்பளிப்பு கொடுக்கவேண்டும்?
*பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்*

ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று பல கப்பல்களில் அவர்களே கணக்கில் ஏற்றிவிடுவார்கள். சூட்டுக்கு அது கூடுதல். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம். நான் கடைசி நாளில் ஓர் அங்பாவ், அதாவது சிவப்பு அன்பளிப்பு உறையில் போட்டுக் கொடுப்பேன். நான்கு நிகழ்ச்சி நிரல் போன அந்தப் பயணத்தில் கொஞ்சம் சேர்த்தே கொடுத்தேன்.